பசங்கள கிரவுண்டுக்கு வர வைக்கணும்னு நினைக்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

வடசென்னைல ஒரு சின்ன மைதானத்துல ஒன்பது வருஷமா சாயங்காலம் அஞ்சரைல இருந்து ஏழரை வரைக்கும் பசங்களோட நிக்கறேன். ஃபுட்பால், கேரம், வாரத்துல ரெண்டு நாள் பறை. நம்ம ஏரியாலயும் இத மாதிரி ஆரம்பிக்கணும்னு நிறைய பேர் போன் பண்ணி கேக்கறாங்க, கேக்கறது பெரும்பாலும் ஒரே கேள்விங்க தான், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிட்டேன்.

எந்த மாதிரி பசங்கள மனசுல வெச்சு சொல்றீங்க?

ஸ்கூல விட்டு நின்னவங்க, நிக்கப் போறவங்க, அப்பா குடியில இருக்கறதால வீட்டுக்கு போகவே பிடிக்காதவங்க, குடிசைய காலி பண்ணி பெரும்பாக்கம், கண்ணகி நகர் பக்கம் அனுப்பினதால பழைய ஃப்ரெண்ட்ஸ், பழைய ஸ்கூல், பழைய கிரவுண்டு எல்லாத்தையும் ஒரே நாள்ல விட்டவங்க. பத்து வயசுல இருந்து பதினெட்டு வரைக்கும்னு வெச்சுக்கோங்க. பதிமூணு பதினாலு வயசு தான் கைய விட்டு நழுவற வயசு, என் அனுபவத்துல அந்த ரெண்டு வருஷம் ரொம்ப முக்கியம்.

விளையாட்டு சொல்லிக் குடுத்தா கஞ்சா, மாத்திரை, அடிதடி எல்லாம் நின்னுடுமா?

தானா நிக்காது. நல்லா ஆடற பையனே போதைக்கு போயிருக்கான், நானே பாத்திருக்கேன். பந்து ஒருத்தனையும் திருத்தாது. பந்து செய்யறது ஒரு வேலை தான், அந்தப் பையன தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே எடத்துக்கு கூட்டிட்டு வருது. அங்க அவன் பேர் தெரிஞ்ச, நேத்து ஏன் வரலன்னு கேக்கற ஒரு பெரியவர் நின்னா தான் மத்தது நடக்கும். அதனால யாராவது புது கோச் வேணும்னு கேட்டா, நல்லா ஆடத் தெரிஞ்சவர விட வாரத்துல ஆறு நாளும் வரக்கூடியவர பாருங்கன்னு தான் சொல்வேன். நல்ல கோச் வந்து மூணு மாசத்துல கிளம்பிட்டா அது பசங்களுக்கு இன்னொருத்தர் விட்டுட்டு போன கதை, அவங்க வாழ்க்கைல அது ஏற்கனவே நெறய இருக்கு.

எந்த விளையாட்டுல ஆரம்பிக்கறது?

உங்க தெருவுல ஏற்கனவே என்ன ஆடறாங்களோ அதுல. வெளிய இருந்து புதுசா ஒண்ண கொண்டு போய் எறக்காதீங்க. வியாசர்பாடில ஃபுட்பால் ரத்தத்துலயே இருக்கு, தனபால் கணேஷ், நந்தகுமார் சேகர் ரெண்டு பேரும் அந்த மண்ணுல இருந்து தான் ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக் ஃபுட்பால் வரைக்கும் போனாங்க. ராயபுரம், காசிமேடு பக்கம் பாக்ஸிங் பரம்பரை பரம்பரையா வருது.

எடம் கம்மின்னா கேரம். இத யாரும் பெருசா நினைக்கறதில்ல, ஆனா வடசென்னைக்கு இது சொந்த விளையாட்டு மாதிரி. ரெண்டு தடவை உலக சாம்பியன் ஆகி 1996-ல அர்ஜுனா விருது வாங்கின மரிய இருதயம் சென்னைக்காரர். 2008-ல பிரான்ஸ்ல கேன்ஸ் நகரத்துல பெண்கள் உலக சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடி பொண்ணு, அப்பா மீன்பாடி வண்டி மாதிரி மூணு சக்கர வண்டி ஓட்டினவர். 2024-ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பைல மூணு தங்கம் ஜெயிச்ச காசிமாவோட அப்பா ஆட்டோ ஓட்டறவர், ஏரியா பிள்ளைங்களுக்கு கேரம் சொல்லிக் குடுக்கறவர். மழைலயும் ஆடலாம், வெயில்லயும் ஆடலாம், ஷூ வேணாம், ஒரு போர்டு, காயின், ஸ்ட்ரைக்கர், கொஞ்சம் பவுடர், ஒரு பல்பு போதும்.

எவ்ளோ செலவாகும்?

நான் ஆரம்பிச்சப்போ ரெண்டு பந்து, ஒரு பம்ப், ரெண்டு ஊசி, பத்து கோன். கோல் போஸ்ட்டுக்கு செங்கல். பன்னண்டு வயசுக்கு கீழ இருக்கற பசங்களுக்கு நாலாம் நம்பர் பந்து வாங்குங்க, எல்லாரும் அஞ்சாம் நம்பர் வாங்கிட்டு வந்து சின்னவன் கால் வலிக்குதுங்கறான்னு சொல்றாங்க. ஷூ பத்தி ஒண்ணு. ஸ்டட், அதாவது அடியில முள்ளு மாதிரி குமிழ் வெச்ச ஃபுட்பால் ஷூ, வாங்க முடிஞ்சவன் மட்டும் அத போட்டு, இல்லாதவன் வெறுங்கால்ல ஆடினா ஒரே மிதியில வெரல் போயிடும். எங்க கிரவுண்டுல எல்லாருக்கும் ஷூ வர்ற வரைக்கும் எல்லாரும் வெறுங்கால் தான்.

முக்கியமான செலவு சாப்பாடு. ஸ்கூல்ல மதியம் சாப்பிட்டது தான், அஞ்சரை மணிக்கு வயித்துல ஒண்ணும் இருக்காது, அந்த வயித்தோட ஓடச் சொன்னா தல சுத்தி ஒக்காந்துடுவான், நீங்க சோம்பேறின்னு நினைப்பீங்க. வேகவெச்ச கொண்டக்கடலை, வாழைப்பழம், இவ்ளோ தான் எங்களால முடிஞ்சுது. பழம் ஆடறதுக்கு முன்னாடி, சுண்டல் ஆடி முடிச்சு. இதுக்கு காசு இல்லன்னா ஜெர்சி வாங்காதீங்க.

கிரவுண்டே இல்லயே, என்ன பண்றது?

மாநகராட்சி விளையாட்டுத் திடல், ஸ்கூல் கிரவுண்டு ரெண்டையும் எழுத்துல கேளுங்க, வாய்ல கேட்டா வேலைக்காகாது. ஸ்கூல்ல கேக்கும்போது ஹெச்எம் பயப்படறது கேட் சாவிக்கும் குப்பைக்கும் தான், அதனால பூட்டி குடுக்கற பொறுப்பு யாருதுன்னு லெட்டர்லயே எழுதுங்க. சீனியர் டீம்ங்க ஏற்கனவே எடத்த பிடிச்சு வெச்சிருப்பாங்க, அவங்களோட மொறைக்காதீங்க, அவங்க ஆறரைக்கு மேல வர்றாங்கன்னா நீங்க அஞ்சரைக்கு வாங்க. எங்களுக்கு முதல் ரெண்டு வாலண்டியர் அந்த சீனியர் டீம்ல இருந்து தான் வந்தாங்க.

முதல் வாரம் நாலு பேர் தான் வந்தாங்க, மனசு ஒடஞ்சு போச்சு.

நாலு பேர் வந்தது நல்ல ஆரம்பம் தாங்க. வெனிசுவேலால 1975-ல ஹோசே அந்தோனியோ அப்ரேயு ஏழைப் பிள்ளைங்களுக்கு ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிச்சப்போ ஒரு கார் பார்க்கிங்ல வந்து ஒக்காந்தது பதினோரு பேர், அது பின்னாடி எல் சிஸ்டெமான்னு லட்சக்கணக்கான பிள்ளைங்க இசை கத்துக்கற அமைப்பா வளந்துச்சு. ஆளு எண்ணாதீங்க. நேத்து வந்த நாலு பேர் இன்னிக்கும் வந்தாங்களான்னு மட்டும் பாருங்க.

இன்னொண்ணு, வராதவங்கள விட வந்தும் ஆடாதவங்கள கவனிங்க. எங்க கிரவுண்டு காம்பவுண்டு சுவத்து மேல ஒரு பையன் தினமும் வந்து ஒக்காருவான், பன்னண்டு பதிமூணு வயசு இருக்கும். எறங்கவே மாட்டான், கூப்பிட்டா எழுந்து போயிடுவான். மூணு வாரம் அப்படியே போச்சு. ஒரு நாள் பந்துல காத்து இல்ல, நான் ஊசிய வெச்சு தடுமாறிட்டு இருந்தேன், எறங்கி வந்து என் கைல இருந்து ஊசிய வாங்கி நாக்குல வெச்சு எச்சி தொட்டு ஒரே சொருகு, ஒரு வார்த்தை பேசாம பம்ப் அடிச்சு பந்த கீழ தட்டிப் பாத்துட்டு குடுத்தான். அடுத்த நாள்ல இருந்து பம்பும் ஊசியும் அவன் பொறுப்புன்னு சொல்லிட்டேன். அஞ்சரைக்கு நான் வர்றதுக்கு முன்னாடி கேட்ல நிப்பான். பந்து ஆட ஆரம்பிச்சது அதுக்கும் ஒரு மாசம் கழிச்சு தான்.

ஸ்கூலுக்கு போகாதவன ஆட விடலாமா? "ஸ்கூலுக்கு போனா தான் கிரவுண்டு"ன்னு ரூல் போட்டா என்ன?

போடாதீங்க. இந்த ஒரு விஷயத்துல நான் யார் சொன்னாலும் மாறமாட்டேன். நானும் முதல் வருஷம் அந்த ரூல் போட்டேன், டீச்சர்ங்க கேட்டாங்க, அப்பா அம்மா சந்தோஷப்பட்டாங்க, ஆனா யாருக்காக கிரவுண்டு நடத்தறேனோ அவன் தான் அந்த ரூல்ல மொதல்ல வெளிய போனான். ஸ்கூல் அவன வெளிய தள்ளிடுச்சு, வீடும் தள்ளிடுச்சு, நானும் தள்ளினா அவன் போய் நிக்கற எடம் எதுன்னு நமக்கு தெரியும்.

அந்த பம்ப் பையனும் ஸ்கூலுக்கு போகல. அத நான் கேக்கல, அவனே சொன்னான், ரெண்டு மாசம் ஆச்சு சொல்ல. அவங்க அம்மா காசிமேட்டுல மீன் எடுத்து விக்கறவங்க, விடியறதுக்கு ரொம்ப முன்னாடி ஏலத்துக்கு போகணும், கூட கூடை தூக்க இவன் போவான், திரும்பி வந்து ஸ்கூலுக்கு போனா முதல் பீரியட்லயே தூங்கிடுவான். மேல மீன் நாத்தம் வருதுன்னு கிளாஸ்ல தள்ளி ஒக்கார வெச்சிருக்காங்க. அதோட நின்னுட்டான். இதுல சோம்பேறித்தனம் எங்க இருக்கு சொல்லுங்க. ரூல் போட்டு அனுப்பியிருந்தா இது எனக்கு தெரிஞ்சே இருக்காது.

நான் அந்த அம்மாவ போய் பாத்தேன். "தம்பி, எனக்கு மட்டும் அவன கூட்டினு போக ஆசையா, ஒத்தையா கூடைய ஏத்த முடியலப்பா"ன்னு சொன்னாங்க. அவன் சித்தி வாரத்துல நாலு நாள் கூட போறதா ஏற்பாடாச்சு, ஸ்கூல்ல வேற ஒரு டீச்சர் புரிஞ்சுக்கிட்டு பக்கத்துல ஒக்கார வெச்சாங்க. பத்தாவதுல ரெண்டு பாடம் போச்சு, துணைத் தேர்வுல எழுதி எடுத்தான். இப்போ ஐடிஐல ஃபிட்டர் படிக்கறான். பெரிய பிளேயர் ஆகல, சுமாரா தான் ஆடுவான்.

ஆட்டத்த பரிசாவும் ஆக்காதீங்க தண்டனையாவும் ஆக்காதீங்க. கிரவுண்டு ரூல மீறினா, அடிச்சா, கெட்ட வார்த்தைல திட்டினா, அன்னிக்கு வெளிய ஒக்காரலாம், கிரவுண்டுக்குள்ளயே, என் பக்கத்துல. வீட்டுக்கு அனுப்பறது கெடயாது. போதையோட வந்தா ஆட விடமாட்டேன், தண்ணி குடுத்து ஒக்கார வெச்சுப்பேன், முடிஞ்சதும் நானே வீடு வரைக்கும் நடந்து போவேன்.

ரெண்டு தெரு பசங்க ஆடினா மேட்ச் சண்டைல தான் முடியுது.

கொலம்பியால மெடயின்னு ஒரு ஊர், 1994 உலகக் கோப்பைல சேம் சைடு கோல் போட்ட ஆந்த்ரேஸ் எஸ்கோபார் நாடு திரும்பின சில நாள்லயே சுட்டுக் கொல்லப்பட்டது அந்த ஊர்ல தான். அதுக்கப்புறம் அங்க கேங் பசங்கள வெச்சே ஒரு புது மாதிரி ஃபுட்பால் ஆட ஆரம்பிச்சாங்க. ரெஃபரி கெடயாது. ஆடறதுக்கு முன்னாடி ரெண்டு டீமும் ஒக்காந்து ரூல் பேசி முடிவு பண்ணும், அப்புறம் ஆட்டம், முடிஞ்சதும் திரும்ப ஒக்காந்து யார் பேசின மாதிரி ஆடினாங்கன்னு அவங்களே பாயின்ட் போடணும். கோல்ல ஜெயிச்ச டீம் இந்த பாயின்ட்ல தோக்கலாம். நாங்க அப்படியே எடுத்து பண்றோம். முதல் ரெண்டு மூணு மேட்ச் ஆடற நேரத்த விட பேசற நேரம் தான் ஜாஸ்தி, பேச்சுலயே சண்டை வரும், பொறுத்துக்கோங்க. ஒரு நாள் எங்க பசங்க "அண்ணா, அது ஃபவுல் தான், நான் தான் இழுத்தேன்"ன்னு எதிர் டீமுக்கு பாயின்ட் குடுத்தாங்க. அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல, அவ்ளோ சந்தோஷம்.

கென்யால நைரோபி நகரத்து மத்தாரே குடிசைப்பகுதில 1987-ல ஆரம்பிச்ச லீக்ல ஏரியா குப்பைய சுத்தம் பண்ற டீமுக்கு லீக் பாயின்ட் உண்டு. அதையும் செய்யலாம், ஆனா மாநகராட்சி செய்ய வேண்டிய வேலைய பசங்க தலைல கட்டறது எனக்கு பிடிக்கல, கிரவுண்டுல கண்ணாடி பாட்டில் பொறுக்கறதோட நாங்க நிறுத்திப்போம்.

பொண்ணுங்க வரவே மாட்டேங்கறாங்க.

வரமாட்டேங்கறாங்களா, வர முடியலயான்னு மொதல்ல பாருங்க. டாய்லெட் இருக்கா, கதவுல தாப்பா இருக்கா, லைட் எரியுதா, திரும்பி போற வழில ஒயின்ஷாப் இருக்கா. எங்க கிட்ட பொண்ணுங்க வராததுக்கு ரெண்டு காரணம், அஞ்சரைல இருந்து ஆறரை வரைக்கும் தெருக்குழாய்ல தண்ணி பிடிக்கற வேலை அவங்களோடது, இன்னொண்ணு தம்பி தங்கச்சிய யார் பாத்துக்கறது. தண்ணி நேரத்துக்கு தகுந்த மாதிரி அவங்க பிராக்டிஸ காலைல ஆறு மணிக்கு மாத்தினோம், சின்னதுங்கள கூடவே கூட்டிட்டு வர சொன்னோம், சின்னதுங்களுக்கு ஓரமா ஒரு பந்து. பதினாலு பொண்ணுங்க வந்தாங்க. ஒரு அக்கா, அதாவது பெரிய பொண்ணு, வாலண்டியரா கண்டிப்பா வேணும், நாப்கின் கேக்கறதுக்கு என்கிட்ட வரமாட்டாங்க இல்ல.

கலந்து ஆடறதுக்கும் வழி இருக்கு. அந்த மெடயின் ஆட்டத்துலயே டீமுக்கு ரெண்டு பொண்ணாவது இருக்கணும், முதல் கோல் ஒரு பொண்ணு தான் போடணும்னு ரூல். எங்க பசங்க மொதல்ல மொணமொணத்தாங்க, ரெண்டே வாரத்துல பொண்ணுங்களுக்கு பாஸ் குடுக்க கத்துக்கிட்டாங்க, இல்லன்னா ஜெயிக்க முடியாதே. 2019-ல லண்டன் லார்ட்ஸ் மைதானத்துல நடந்த தெருவோரப் பிள்ளைகள் கிரிக்கெட் உலகக் கோப்பைல ஃபைனல்ல இங்கிலாந்த ஜெயிச்சது தென்னிந்திய டீம், தெருவோரப் பிள்ளைங்களுக்காக சென்னைல வேலை செய்யற கருணாலயா அமைப்போட பிள்ளைங்க அதுல இருந்தாங்க, ஆணும் பொண்ணும் கலந்த டீம் தான் அது. 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல ஆசிய இளையோர் போட்டில தங்கம் ஜெயிச்ச இந்திய பொண்ணுங்க கபடி டீம்ல கண்ணகி நகர் கார்த்திகா இருந்தாங்க. அந்த ஏரியா பேர அட்ரஸ்ல எழுதவே தயங்கின வீட்டுங்க எவ்ளோ இருக்கு, இப்போ அந்த பேர டிவில சொல்றாங்க. அந்த செய்தி வந்த வாரம் எங்க பொண்ணுங்க அப்பா அம்மாகிட்ட பர்மிஷன் கேக்க நான் கூட போக வேண்டிய தேவையே இல்லாம போச்சு.

ஓடி ஆடறது பிடிக்காத பசங்களுக்கு?

இவங்கள தான் எல்லாரும் மறந்துடறாங்க. உடம்பு ஒத்துழைக்காதவன், மூச்சு வாங்கறவன், தோத்தா சிரிப்பாங்கன்னு பயப்படறவன். அவங்களுக்கு பாட்டு, ஓவியம், நாடகம், பறை. கானா பாடற பையன் நம்ம பக்கம் எல்லா தெருவுலயும் ஒருத்தன் இருப்பான், அவன பாட சொல்லுங்க, எழுத சொல்லுங்க. 2018-ல கானாவும் ராப்பும் பாடற தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவோட முதல் கச்சேரி சென்னைல நடந்தப்போ எங்க பசங்க போன்ல பாத்துட்டு "அண்ணா, நம்ம பாட்டு மேடைல"ன்னு குதிச்சாங்க. நாடகத்துக்கு கதை வெளிய தேடாதீங்க. தண்ணி லாரி சண்டைய நடிக்க சொல்லுங்க, எங்க பசங்க பாட்டிமார் மாதிரி நடிச்சத பாத்து பாட்டிங்களே வந்து தப்ப திருத்தினாங்க.

பறை சொல்லிக் குடுத்தா சில அப்பா அம்மா கோவப்படறாங்க, ஏன்?

இது நியாயமான கோவம், மொதல்ல அத ஒத்துக்கணும். ஒரு அப்பா என்கிட்ட வந்து, "எங்க தாத்தா சாவு வீட்டுல அடிச்சு, எச்சில் சோறு வாங்கி தின்னாரு சார், அதுல இருந்து வெளிய வரதுக்கு தான் நான் மூட்டை தூக்கி இவன படிக்க வெக்கறேன், நீங்க திரும்ப அந்த கொம்ப கைல குடுக்கறீங்க"ன்னு கேட்டாரு. எனக்கு பதில் இல்ல. கலை உயர்ந்ததுன்னு நான் பேசலாம், ஆனா அடி வாங்கினது அவரு. மன்னிப்பு கேட்டேன்.

அதுக்கப்புறம் நாங்க மூணு விஷயம் முடிவு பண்ணோம். சாவுக்கோ கோயிலுக்கோ கூப்பிட்டா பசங்கள அனுப்பமாட்டோம். பறை கத்துக்கறவங்கள்ல எல்லா சாதி பிள்ளைங்களும் இருக்கணும், ஒரு சாதி பிள்ளைங்க கைல மட்டும் குடுத்தா நாம செய்யறது பழைய வேலை தான். பொண்ணுங்களும் அடிக்கணும். திண்டுக்கல் சக்தி கலைக்குழு பொண்ணுங்க ரொம்ப வருஷமா பறை அடிச்சிட்டு வர்றாங்க, அவங்கள பாத்து தான் எங்களுக்கு தைரியமே வந்துச்சு.

அந்த அப்பா ஒரு சாயங்காலம் தூரமா நின்னு பாத்தாரு. பசங்க பேப்பர், வைக்கோல் கொளுத்தி தோல காய்ச்சிட்டு இருந்தாங்க, நெருப்புக்கு ரொம்ப கிட்ட வெச்சிட்டான் ஒருத்தன், கருகற வாசனை வருது. அவரால நிக்க முடியல, வந்து வாங்கி, "இப்படி வட்டமா சுத்திட்டே காட்டணும்டா"ன்னு காட்டி, வெரலால தட்டி சத்தம் பாத்து, அடிக்குச்சி சிண்டுக்குச்சி ரெண்டையும் எடுத்து ஒரே ஒரு அடி அடிச்சாரு. மைதானமே திரும்பிப் பாத்துச்சு. அவர் பையன் இப்பவும் பறை கத்துக்கல, கேரம் ஆடறான். அது அவர் முடிவு, அத நாங்க மதிக்கறோம்.

பாதுகாப்புக்கு என்ன பண்ணணும்?

எப்பவும் ரெண்டு பெரியவங்க. ஒரு குழந்தையோட ஒரு கோச் தனியா ரூம்ல, வண்டில, வெளியூர் மேட்ச்ல இருக்கக் கூடாது, அவர் எவ்ளோ நல்லவரா இருந்தாலும். பதினெட்டு வயசுக்கு கீழ எல்லாரும் 2012 போக்சோ சட்டத்துல, அதாவது பாலியல் குற்றத்துல இருந்து குழந்தைங்கள காக்கற சட்டத்துல, குழந்தை தான், அப்படி தப்பு நடந்தது தெரிஞ்சா போலீஸ்ல சொல்லியே ஆகணும், மறச்சா மறச்சவர் மேலயும் கேஸ். சங்கத்து பேர் கெட்டுடும்னு பேசி முடிக்கறது தான் பெரிய துரோகம். குழந்தைங்களுக்கான உதவி போன் 1098 நம்பர சுவத்துல பெருசா எழுதி வைங்க, பசங்க கண்ணுல படற மாதிரி. அந்த பம்ப் பையன மாதிரியே இன்னொருத்தன் தான் எங்களுக்கு அத பெயின்ட்ல எழுதிக் குடுத்தான்.

ஸ்பான்சர் போட்டோ கேக்கறாங்க.

டீம் போட்டோ குடுங்க. சுண்டல் வாங்க லைன்ல நிக்கறது, கிழிஞ்ச ஷூ, அழற மூஞ்சி, இதெல்லாம் குடுக்காதீங்க, கேக்கற காசு எவ்ளோ பெருசா இருந்தாலும் சரி. அந்த பையன் நாளைக்கு வேலைக்கு போவான், கல்யாணம் பண்ணுவான், போட்டோ நெட்டுல அப்படியே இருக்கும்.

கவர்மென்ட்ல என்ன இருக்கு?

ஜவகர் சிறுவர் மன்றம், அஞ்சு வயசுல இருந்து பதினாறு வரைக்கும், ரொம்ப கம்மி கட்டணத்துல பாட்டு, பரதம், ஓவியம் மாதிரி கிளாஸ். சென்னை போலீஸ் நடத்தற சிறுவர் சிறுமியர் மன்றங்கள் பல குடிசைப்பகுதில இருக்கு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட விளையாட்டு விடுதிக்கு வருஷா வருஷம் செலக்‌ஷன் நடக்கும், சாப்பாடு, தங்கறது, படிப்பு, கோச்சிங் எல்லாம் அவங்க பாத்துப்பாங்க. அரசு நடத்தற முதலமைச்சர் கோப்பை விளையாட்டுப் போட்டில கலந்துக்க வைங்க. அரசு வேலைல விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு, அதுக்கு எந்த லெவல் சர்டிபிகேட் செல்லும்னு முன்னாடியே பாத்துக்கோங்க, தெரு டோர்னமென்ட் சர்டிபிகேட்ட கட்டுக்கட்டா வெச்சிருக்கற பசங்க நிறைய.

இது எல்லாத்துக்கும் மொத தேவை பிறப்புச் சான்றிதழ். வீடு எரிஞ்சோ, வெள்ளத்துலயோ போயிருக்கும், சில பேருக்கு பதிவே பண்ணிருக்கமாட்டாங்க, ஒரு வருஷம் தாண்டின பதிவுக்கு வருவாய் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) ஆர்டர் வேணும், மாசக்கணக்குல இழுக்கும். செலக்‌ஷனுக்கு முந்தின வாரம் ஓடறதுல பிரயோஜனம் இல்ல. பையன் கிரவுண்டுக்கு வந்த முதல் மாசமே இத கேட்டு வைங்க.

மே மாசம் லீவு விடலாமா, வெயில் தாங்கல.

விடவே விடாதீங்க. ஸ்கூல் இல்ல, மதிய சாப்பாடு இல்ல, வீட்டுல பெரியவங்க வேலைக்கு போயிடுவாங்க, நாள் பூரா பசங்க தெருவுல. ஸ்கூல விட்டு நின்ன எங்க பசங்கள்ல பாதி பேர் மே மாசம் கடை வேலைக்கு போய், கைல காசு பாத்து, ஜூன்ல திரும்பாதவங்க தான். அதனால மே மாசம் தான் எங்களுக்கு சீசன். காலைல அஞ்சரைல இருந்து ஏழரை ஃபுட்பால், வெயில் ஏறினதும் வேப்பமரத்தடில நாலு கேரம் போர்டு, மதியம் நாடக ரிகர்சல், ஒரு அண்டா மோர். ஸ்கூல் தொறக்கறதுக்கு முந்தின வாரம் பேக், நோட்டு யாருக்கு இல்லன்னு ஒரு லிஸ்ட் எடுப்போம், தொறக்கற அன்னிக்கு காலைல வாலண்டியர்ங்க மூணு தெரு பிரிச்சுக்கிட்டு வீட்டு வாசல்ல நின்னு கூப்பிட்டுட்டு போவோம்.